ஸ்விலி என்ன முறை

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் மாமனார், என் மனைவி, ஐஸ்லாந்திலிருந்து வந்திருந்த அவள் தங்கச்சி, அந்தத் தங்கச்சியின் வீட்டுக்காரர், பிறகு நான். மதியத்துக்கு மேல் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வேலியோரம் வந்து கொஞ்ச நேரம் நின்றார், அவரையும் சேர்த்தால் ஆறு. சாயங்காலம் கைப்பேசித் திரையில் தெரிந்த இரண்டு பேரைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. சேர்க்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் பிறகு நடந்தது எதுவும் நடந்திருக்காது.

மாமனாருக்கு ஆண்பிள்ளை கிடையாது. இரண்டும் பெண்கள். மூத்தவளை நான் கட்டிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாமியார் இறந்து, ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது அவரை ஜெலாப்பாங்குக்கு எங்களோடு கூட்டி வந்துவிட்டோம். இளையவள் தாதி. வேலைக்கென்று வெளிநாடு போனவள் ஒவ்வொரு நாடாக மேலே ஏறி ஏறிக் கடைசியில் ஐஸ்லாந்தில் போய் நின்றாள். அங்கேயே ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, செய்த பிறகு அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். மாமனார் "சரிம்மா" என்றார். பிறகு எழுந்து போய்க் கோழிக்குத் தீனி போட்டார். அதற்கப்புறம் மகளோடு வாராவாரம் பேசினார், மழை பெய்கிறதா, சாப்பாடு கிடைக்கிறதா என்றெல்லாம் கேட்டார். அந்த மனிதரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்த முறைதான் இருவரும் சேர்ந்து வந்தார்கள். ஈப்போ ரயில் நிலையத்தில் பெட்டிகளை இறக்கும்போதே கொழுந்தியாள் என் காதோரம் சொல்லிவிட்டாள்.

"அத்தான், அப்பா ஒரு தடவ இவர மாப்பிள்ளன்னு கூப்பிட்டா போதும். வேற ஒன்னும் வேணாம் எனக்கு."

அதை ஏன் என்னிடம் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு என்ன அதிகாரம்? நான் படிவம் இரண்டோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். ஆனால் ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது என் தலைக்குள் மின்விசிறி மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். அன்றிலிருந்து மாமனார் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "அந்த ஆளு" என்றார். "தொரைக்குத் தண்ணி குடுத்தீங்களா" என்றார். கிண்டலுக்குத்தான் தொரை என்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். அந்த மனிதர் கூடத்துக்குள் வந்தால் மாமனார் எழுந்து நின்றுவிடுகிறார். மரியாதைக்கு இல்லை. சின்ன வயதில் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு ஆள் கணக்கு எடுக்கும்போது வெள்ளைக்காரத் தொரை வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்களாம். அந்தப் பழக்கம் முட்டியில் இருக்கிறது போலிருக்கிறது. நின்ற பிறகு அவருக்கே கோபம் வந்துவிடும், யார் மேல் என்று தெரியாது. விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய்விடுவார். மாமனார் நிற்கிறாரே என்று அந்த மனிதரும் எழுந்து நிற்பார். இரண்டு பேர் நிற்கிறார்களே என்று நானும் நிற்பேன். இப்படியே மூன்று நாள் போனது. ஒரு மாமனார் மாப்பிள்ளைக்கு முன்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தால் எப்படி மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்?

இதற்கு நடுவில்தான் அந்தச் சொல்.

ரயில் நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தபோதே அந்த மனிதர் "ஸ்விலி" என்றார். அவர்கள் ஊரில் வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து நானும் "ஸ்விலி, ஸ்விலி" என்றேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். வீட்டில் கோப்பி கொடுத்தேன், "ஸ்விலி" என்றார். ஓகோ, நன்றி போலிருக்கிறது. ஆனால் என் மனைவி தோசை வைத்தபோது அவளைப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை, தமிழில் நன்றி என்றார். காலையில் எழுந்து வந்து என்னைப் பார்த்தாலும் ஸ்விலி, இரவில் படுக்கப் போகும்போதும் ஸ்விலி. என்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. அப்படியானால் அது என் பெயராகத்தான் இருக்க வேண்டும். யாரிடமாவது கேட்டிருக்கலாம், அவரிடமே கேட்டிருக்கலாம். ஆனால் என் ஆங்கிலம் ஸ்டாப், ரிவர்ஸ், கேர்புல் என்கிற அளவுக்குத்தான் போகும். கேட்கப் போய் அது ஏதாவது தப்பான வார்த்தையாக இருந்தால் என்ன செய்வது என்றும் ஒரு பயம்.

அவர்களுக்கு மறுநாள் காலையில் ரயில். அதாவது நான் சொல்ல வந்த நாள்தான் கடைசி நாள். அக்காளும் தங்கையும் ஆட்டிறைச்சி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார்கள். நாங்கள் மூன்று ஆண்கள் மட்டும் வீட்டில். பேச ஆள் இல்லாமல் மூன்று பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் ஒரு இறக்கை ஆடுகிறது, எனக்கு அது வேறு கவலை.

பின்கட்டில் கூரைச் சிங்குத் தகடு ஒன்று காற்றில் படபடவென்று அடித்தது. அந்த மனிதர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு ஏணியைத் தேடினார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவ்வளவு பெரிய உடம்பு, அந்த ஏணி என் எடைக்கே கீச்சென்று கத்தும். "ஓகே, ஸ்விலி, ஓகே" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மாமனார் வாசற்படியில் வந்து நின்றார்.

"என்னமோ சொல்லிச் சொல்லிக் கூப்பிடுறாரே உங்கள, அது என்னா மாப்பிள்ளை?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியாது என்று சொன்னால் மூன்று நாளாக எதற்கு நீங்கள் தலையை ஆட்டினீர்கள் என்று கேட்பாரே. "கூட்டாளின்னு நெனைக்கிறேன் மாமா" என்றேன். நினைக்கிறேன் என்றுதான் சொன்னேன். அவர் காதில் கூட்டாளி மட்டும்தான் விழுந்தது.

மேலே பார்த்தார். அந்த மனிதர் ஆணியைத் தப்பான இடத்தில் வைத்திருந்தார், சட்டத்தை விட்டு இரண்டு விரல் தள்ளி. மாமனாரால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தொரை என்று கூப்பிட்டு வேலை சொல்ல முடியாது, தொரைக்கு யார் வேலை சொல்வார்கள்? வேறு எப்படிக் கூப்பிடுவது? தொண்டையைக் கனைத்துக்கொண்டு மலாயும் தமிழுமாகச் சொன்னார்.

"ஸ்விலி. சினி, சினி. இங்க அடி."

மேலே இருந்தவர் குனிந்து பார்த்தார். ஒரு நொடி முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு "எஸ், மாமா" என்று ஆணியை நகர்த்தினார்.

அதற்கப்புறம் மாமனாரை யாரும் பிடிக்க முடியவில்லை. ஸ்விலி அந்தச் சுத்தியலை எடு, ஸ்விலி அந்தப் பக்கம் அமுக்கு, ஸ்விலி கையப் பாத்து. சிங்கு முடிந்ததும் கோழிக் கூண்டின் கதவு, அது முடிந்ததும் கொடிக்கம்பி. வெயிலில் அந்த மனிதரின் கழுத்து அவித்த நண்டு மாதிரி ஆகிவிட்டது. இருவரும் பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து ஒரே செம்பில் தண்ணீர் குடித்தார்கள். அந்த மனிதர் எழுந்து உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தபோது மாமனார் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே, "ஸ்விலி, உக்காரு" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இனி மாப்பிள்ளை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், இன்னும் ஒரு எட்டுத்தானே என்று நினைத்தேன்.

பெண்கள் பாசாரிலிருந்து வந்தார்கள். பின்கட்டிலிருந்து "ஸ்விலி, குறடு எங்க வெச்ச?" என்று மாமனாரின் குரல் கேட்டது. கொழுந்தியாள் இறைச்சிப் பையை அப்படியே மேசையில் வைத்தாள்.

"அப்பா யார கூப்பிடுறாரு?"

சொன்னேன். கூட்டாளி என்று நான் அர்த்தம் சொன்னதையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிச் சுவரில் சாய்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான் போலிருக்கிறது.

"அத்தான், ஸ்விலின்னா சகலை."

அந்த ஊரில் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். டாக்டரானாலும் பேர்தான், மாமனாரானாலும் பேர்தான். இங்கே வரும் முன் அத்தானை எப்படிக் கூப்பிடுவது என்று அவர் கேட்டிருக்கிறார். பேர் சொல்லக் கூடாது, உங்களுக்கு அவர் சகலை, அதாவது பெண்சாதியுடைய அக்காள் புருஷன் என்று இவள் விளக்கியிருக்கிறாள். அட, அது எங்களிடம் இருக்கிறதே என்று அவர் துள்ளிக் குதித்தாராம். ஆணுக்கு ஸ்விலி. பெண்களுக்கும் ஒன்று உண்டாம், ஓரகத்தியை ஸ்வில்கோனா என்பார்களாம். அவருடைய அப்பாவும் அப்பாவின் ஸ்விலியும் சேர்ந்து ஒரு சின்ன மீன்பிடிப் படகு வைத்திருந்தார்களாம், எந்த வருடம் யார் சாயம் அடிப்பது என்று அந்த ஸ்விலி சாகும்வரை சண்டையாம். இப்போதைய இளசுகள் பல பேருக்கு அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்பதே தடுமாறுமாம். ஆனால் இவர் அதை எனக்காகத் தூசி தட்டி எடுத்து வந்திருக்கிறார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பனிக்கட்டி நாட்டுக்காரனுக்குச் சகலைக்கு எதற்கு ஒரு வார்த்தை? அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வேலி மேலே ஒரு தட்டு குவே பலகாரம் நீட்டினார். என் முகத்தைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

"ஓ, பிராஸ் லா து," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிராஸ் எனக்குத் தெரிந்த சொல்தான், மலாயில் சகலை. தொழிற்சாலையில் மலாய்க்காரக் கூட்டாளிகள் சொல்லுவார்கள், என் பிராஸுடைய கார், என் பிராஸுடைய கடை என்று. தமிழில் இருக்கிறது, மலாயில் இருக்கிறது, உலகத்தின் அந்த மூலையிலும் இருக்கிறது. எங்கள் மேலதிகாரியின் ஆங்கிலத்தில் மட்டும் மச்சானும் சகலையும் ஒரே பிரதர் இன் லா. நான் படிப்பை விடாமல் இருந்திருந்தால் இதற்கு ஏதாவது காரணம் தெரிந்திருக்குமோ என்னமோ.

ஆனால் அப்போது என் பயம் அதுவல்ல. சகலை என்பது இரண்டு ஆண்கள் தாங்களாகவே வைத்துக்கொள்கிற உறவு இல்லை. மாமனார் ஒருவர் நடுவில் இருந்து, இவரும் என் மாப்பிள்ளை அவரும் என் மாப்பிள்ளை என்று சொன்ன பிறகுதான் நாங்கள் சகலை. அவர் சொல்லும் முன்பே நான் ரயில் நிலையத்தில் கட்டிப்பிடித்து ஸ்விலி ஸ்விலி என்று சொல்லிவிட்டேன். அது ஒரு தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, மாமனார் தன் மகளின் புருஷனைச் சகலை என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அப்படியானால் மாமியாரும் கொழுந்தியாளும் அக்காள் தங்கை, என்று அந்த முறையை மனத்துக்குள் போட்டுப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். ஒரு மனிதரை அதைவிட அசிங்கப்படுத்த முடியாது.

சாயங்காலம் அந்த மனிதரின் அப்பா அம்மாவோடு வீடியோவில் பேசுவதாக ஏற்பாடு. மாமனார் முதல் தடவையாகச் சம்பந்திகளைப் பார்க்கப் போகிறார். அதற்கு முன் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்றாள் கொழுந்தியாள். சொன்னால் மறுபடியும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார், பேசாமல் விடு என்றாள் என் மனைவி. இரண்டு பேரும் கடைசியில் என்னைப் பார்த்தார்கள். அர்த்தம் சொன்னவன் நான்தானே.

சொல்லத்தான் போனேன். மாமனார் குளித்துவிட்டு, தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். "ஸ்விலி நல்ல வேலைக்காரன் மாப்பிள்ளை. அலட்டிக்க மாட்டேங்குறான்" என்றார். ஆமாம் மாமா என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஐந்து மணிக்குப் போன் வந்தது. அங்கே குளிர்காலம், அப்போதுதான் விடிகிற நேரமாம், கையில் கோப்பிக் கோப்பையோடு ஒரு பெரியவரும் ஒரு அம்மாவும் தெரிந்தார்கள். மாமனார் கும்பிட்டார். அவர்களும் கும்பிட்டார்கள், மகன் சொல்லிக் கொடுத்திருப்பார். சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டார்கள். அதோடு நின்றிருக்கலாம். மாமனாருக்கு அது போதவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் தோளில் கையைப் போட்டு, தன்னிடம் இருந்த ஆங்கிலத்தையெல்லாம் சேர்த்து ஒரு வாக்கியம் பேசினார்.

"யுவர் சன், மை ஸ்விலி. குட் ஸ்விலி."

திரையில் கோப்பை பாதி வழியில் நின்றது. அந்த அம்மா மகனைப் பார்த்து ஏதோ கேட்டார். மகன் ஏதோ சொன்னார். அவ்வளவுதான், பெரியவர் சிரிக்க ஆரம்பித்து அது இருமலில் போய் முடிந்தது, அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெட்ட சிரிப்பு இல்லை அது. ஆனால் சிரிப்பு சிரிப்புதானே. மாமனார் அந்தத் தோளிலிருந்து கையை எடுத்தார். மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நான் என்னா சொல்லிட்டேன் மாப்பிள்ளை?"

"அது கூட்டாளி இல்ல மாமா. சகலைன்னு அர்த்தமாம்."

"யாருக்குச் சகலை?"

"எனக்கு."

அவர் யோசித்தார். உதடு அசைந்தது. "உங்களுக்கு அவரு சகலைன்னா, அப்ப எனக்கு..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். வீடே அந்த மிச்ச வார்த்தைக்குக் காத்துக்கொண்டு நின்றது. அவர் எழுந்து அறைக்குள் போய்விட்டார்.

கொழுந்தியாள் ஏதோ சொல்லிப் போனை வைத்தாள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். அந்த மனிதர் மெதுவாக என்னிடம் கேட்டார், "ஸ்விலி, பேட்?" எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன், சரியாகச் சொன்னேனா என்பதும் தெரியவில்லை.

அறைக்குள்ளிருந்து "மாப்பிள்ளை" என்று குரல் வந்தது, என்னைத்தான். போனேன். மாமனார் கட்டிலில் உட்கார்ந்து தன் பர்ஸைத் திறந்து வைத்திருந்தார். அதில் இரண்டு மூன்று சின்ன நோட்டு இருந்தது.

"கையில நூத்தியொரு வெள்ளி இருக்கா?"

எதற்கு என்று புரிந்துவிட்டதாக நினைத்தேன். டாக்சி பிடித்து ஆயர் தாவாருக்கே போகப் போகிறார். அங்கே லயமும் இல்லையே, இந்த நேரத்தில் எங்கே போய்ப் படுப்பார்? நாளைக்குக் கொண்டுபோய் விடுகிறேன் மாமா, கோபப்படாதீர்கள் என்றேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"நீங்க மொதல்ல வந்து சாப்பிட்டப்ப நான் என்னா குடுத்தேன்?"

அப்போதுதான் விளங்கியது. கல்யாணம் முடிந்து மாமனார் வீட்டு முதல் விருந்தில் இலையை விட்டு எழுந்த பிறகு தட்டில் பழம், பூ, நூற்றியொரு ரிங்கிட் வைத்துக் கொடுத்தார். புது மாப்பிள்ளைக்குச் செய்கிற முறை அது. என்னிடம் மோட்டார் சைக்கிள் சாலை வரிக்கென்று வைத்திருந்த இரண்டு ஐம்பது ரிங்கிட் நோட்டு இருந்தது. ஒரு ரிங்கிட் சட்டைப்பையில் கிடைத்தது. கொடுத்தேன். "நாளைக்கித் தாரேன்" என்றார்.

மாமியார் படத்துக்கு முன்னால் இருந்த தட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டார். வெற்றிலை வீட்டில் இல்லை. இரண்டு வாழைப்பழமும் படத்தில் இருந்த பூவில் கொஞ்சமும் வைத்து, அதன் மேல் பணத்தை வைத்தார். கூடத்துக்கு வந்தார். அந்த மனிதர் வழக்கம் போல எழுந்து நின்றார். மாமனார் நிற்கவில்லை, நேராகப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, வாங்க."

நான் ஓரடி முன்னால் போனேன். பதினைந்து வருடமாக அந்தச் சொல்லுக்கு நான் ஒருவன்தானே.

"நீங்க இல்லலா. அவரு."

கொழுந்தியாள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். நான் போட்ட அடியைப் பின்னால் எடுப்பதா அங்கேயே நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். அந்த மனிதர் என்னைத் தாண்டிப் போய், இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சோறு சாப்பிடும்போதும் ஒரு கையில் அந்தத் தட்டு.

மறுநாள் ரயில் நிலையத்தில் அவர் ஐம்பது ரிங்கிட் நோட்டு ஒன்றை என் கையில் திணித்தார். பணம் யாருடையது என்று கொழுந்தியாள் மூலம் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. ஸ்விலி, பாதி பாதி என்றார். நான் திருப்பி அவர் பையிலேயே போட்டேன். வாங்கியிருந்தால் மாமனார் கொடுத்ததில் பாதியை அந்த மனிதரே தனக்குக் கொடுத்துக்கொண்ட மாதிரி ஆகாதா? அப்படியானால் இப்போது முழுவதையும் கொடுத்தது நானா மாமனாரா என்பதும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. நான் கொடுத்ததாக ஆகிவிட்டால் முறையே கெட்டுப்போகும். அதனால் அதைக் கடனாகத்தான் வைத்திருக்கிறேன். மாமனார் வாராவாரம் வீடியோவில் "மாப்பிள்ளை, சாப்பிட்டாச்சா" என்று கேட்கிறார், போனை வைத்த பிறகு என் பக்கம் திரும்பி "அந்தக் காசு" என்று ஆரம்பிக்கிறார், நான் இருக்கட்டும் மாமா என்கிறேன். சாலை வரியை வேறு இடத்தில் புரட்டிக் கட்டிவிட்டேன். அவர் எனக்கு இன்னும் தர வேண்டியது நூற்றியொரு ரிங்கிட்.